சக்கரம் வைத்த டெலிபோன் பெட்டி

1

போன சனிக்கிழமை காலை, நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், திருப்பூரிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது.

லெஸ்டரில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷத்தில் இந்தியாவிலிருந்து ஒரு தடவைகூட அது மணி அடித்ததில்லை. ஊரிலிருந்து எங்களுக்கு வருவதெல்லாம் மடித்து ஒட்டிய நீலக் கடுதாசிதான். அது வந்து சேரப் பத்து நாள் ஆகும். நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும் ஆறிப்போய்த்தான் கைக்கு வரும். பதினொரு வருஷத்தில் அந்த ஆறின சேதிக்குப் பழகிவிட்டேன்.

எனக்குக் கதவு செய்யும் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் மத்தியானம் இரண்டு வரை தூக்கம். மனைவி மரகதம் சனிக்கிழமையும் அரை நாள் சாக்ஸ் மில்லுக்குப் போவாள். வீட்டில் இருந்தது மகள் கலா மட்டும்தான். அவளுக்குப் பதினைந்து வயது. நான் எழுந்து சமையலறைக்கு வந்தபோது ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, உங்களுக்கு இந்தியாவுலேர்ந்து போன் வந்துச்சு. சென்னியப்பன்னு ஒருத்தங்க."

ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். அவர்தான் எழுப்ப வேண்டாம் என்றாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம், சும்மாதானாம். கலாவிடம் இருக்கும் தமிழ் சாப்பாட்டு மேசைக்குப் போதும். அதைத் தாண்டினால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். அன்றும் அப்படித்தான் தாவினாள்.

திருப்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு எவனும் சும்மா போன் பண்ணமாட்டான். எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். அதிலும் சென்னியப்பன். பதின்மூன்று வருஷமாக என்னோடு ஒரு வார்த்தைகூட மனசு விட்டுப் பேசாதவன். என் நம்பரை ஊரில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டு வாங்கித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கலாவைப் பார்த்துக் கத்தினேன். அவளிடம் அப்படிக் கத்தி எத்தனையோ வருஷம் இருக்கும். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாதிக் கத்தலிலேயே நான் நிறுத்திக்கொண்டேன். போனில் வந்த சேதியைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னதற்காக இன்னொருவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

அறுபதுகளின் ஆரம்பத்தில் திருப்பூரில் பனியன் கம்பெனி என்றால் ஒரு அறை, நாலு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை. நாச்சிமுத்து ஐயாவின் கட்டிடம் பழைய பஞ்சு குடோன். குறுக்கே சுவர் எழுப்பி ஒன்பது அறையாக்கி ஒன்பது கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பின்பக்கத் தகரக் கொட்டகை என்னுடையது. பனியன் பார்சலுக்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறை. ஒன்பது கம்பெனிக்கும் எனக்கும் சேர்த்து அங்கே ஒரே ஒரு டெலிபோன். தனியாக ஒன்று வேண்டும் என்று எழுதிப் போட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அந்தக் கட்டிடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாக வந்தது. வெளியூரிலிருந்து ட்ரங்க் கால் வந்தால் ஒன்பது அறைகளிலும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். பேசுகிறவருக்குக் கேட்க வேண்டும் அல்லவா, அந்த மரியாதைக்காக. திடீரென்று கட்டிடம் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் ஒருத்தர் மட்டும் கல்கத்தாவுக்கோ டில்லிக்கோ தொண்டை கிழியத் தன் ரேட்டைக் கத்திக்கொண்டிருப்பார். அடுத்த நாள் பக்கத்து அறைக்காரர் அதே ஏஜெண்டுக்குக் கொஞ்சம் குறைத்து எழுதிப் போடுவார். இதில் பகை ஒன்றும் கிடையாது. எல்லாரும் மாமன் மச்சான், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தி பரிமாறுகிறவர்கள். காதில் விழுந்ததை விழவில்லை என்று எப்படி வைத்துக்கொள்வது?

ஆனால் அந்த அமைதியால் நல்லதும் நடந்தது. அறைக்காரர் ஒருவருக்கு மங்கலத்தில் இருந்த தறிக் கொட்டகை தீப்பிடித்த சேதி ஒரு நாள் போனில் வந்தது. அவர் ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் வாசலில் இரண்டு சைக்கிளும் ஒரு வாடகைக் காரும் தயாராக நின்றன. அவர் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நம்பர் அறை சென்னியப்பனுடையது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் குரல் அவ்வளவு பெரிது. இவன் எதற்கு போனுக்குக் காசு செலவழிக்கிறான், வாசலில் நின்று கூப்பிட்டாலே கல்கத்தாவுக்குக் கேட்குமே என்று கேலி பண்ணுவோம். அவிநாசிக்குப் பக்கத்தில் சேவூர்க்காரன். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்கா ராமாத்தாள்தான் வளர்த்தாள். தம்பி தொழில் கற்றுக்கொண்டு நிற்கும் வரை தன் கல்யாணத்தையே தள்ளிப் போட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனோடு சேவூர் போவேன். அக்கா என்னையும் தம்பி என்றுதான் கூப்பிடும். அக்கா போட்ட சோற்றை எத்தனையோ வாரம் சாப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளிடம்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தனை ஒருத்தன் 'டா' போட்டுக் கூப்பிட்டுக்கொண்டோம் என்றால் அது எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

3

சனிக்கிழமை மத்தியானமே இன்டர்நேஷனல் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டேன். எந்த ஊர் என்றாள். திருப்பூர் என்றேன். திரிப்பொலியா என்று கேட்டாள். அது ஆப்பிரிக்காவில் இருக்கிறது, இது இந்தியா என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். இங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூட்டுகிற வழக்கம் உண்டு. பதினொரு வருஷமாகியும் அந்தப் பெயர்கள் எனக்கு வாயில் வருவதில்லை. டீக்கு முதல் எழுத்து, இட்லிக்கு முதல் எழுத்து என்று சொல்லிக்கொண்டே போனேன். மரகதம் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

லைன் எல்லாம் நிறைந்திருக்கிறது, ஆறு மணி நேரம் ஆகும் என்றாள். ஆறு மணி நேரம் கழித்து, சென்னைக்கு அப்பால் லைன் கிடைக்கவில்லை என்றாள் இன்னொருத்தி. அடுத்த நாள் வேறொருத்தி வந்து, நேற்றைய பதிவு ரத்தாகிவிட்டது, மறுபடியும் பதிவு செய்ய வேண்டும் என்றாள். மறுபடியும் டீக்கு முதல் எழுத்து.

கலா அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அலமாரி அறை இருக்கிறது. துடைப்பமும் பழைய கோட்டும் கிடக்கும். போன் ஒயரை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்த இருட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் சிநேகிதிகளோடு பேசுவாள். வெளியே ஒரு கிசுகிசுப்பு மட்டும் வரும். அவளுடைய முக்கால் வாழ்க்கை அந்த அலமாரிக்குள்தான் நடக்கிறது. மரகதத்துக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். நான் ஒன்றும் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கு ஊரிலேயே முதன்முதலாக வழி செய்து கொடுத்தவன் நான்தானே.

4

தன் கல்கத்தா ஆர்டர் ஒன்று, ரேட்டு காதில் விழுந்து பக்கத்து அறைக்குப் போன அன்று, சென்னியப்பன் என் கொட்டகைக்கு வந்து பலகை மேல் உட்கார்ந்தான்.

"சுப்பு, என்னையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு ஆணி அடிச்சுருடா. உள்ள உக்காந்து பேசிக்கறேன்."

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவனை நிற்கவைத்து உயரம் அளந்தேன்.

பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த அறைக்காரருக்குத்தான் வசதி, மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அதனால் துணி உருளை தள்ளும் வண்டியின் இரும்புச் சக்கரம் நாலு வாங்கிக் கீழே மாட்டினேன். தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் போன் செருகும் இடம் வேண்டும் என்று நாச்சிமுத்து ஐயா டெலிபோன் ஆபீசுக்கு எழுதினார். டெலிபோனை எதற்காக நகர்த்த வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். குடியிருப்போர் அனைவருக்கும் சம நீதி வழங்க, என்று எழுதிக் கொடுத்தார். எத்தனையோ நடை நடந்து அனுமதி வாங்கினார்.

பெட்டி அடிப்பவனுக்குப் பெட்டி அடிப்பது பெரிய வேலையா என்றுதான் நினைத்தேன். முதல் பெட்டி பறை மாதிரி அதிர்ந்தது. உள்ளே பேசியது வெளியே இன்னும் பெரிதாகக் கேட்டது. பிறகு பலகையில் இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு, அதில் பனியன் கட்டிங் வேஸ்ட்டை அடைத்தேன். எங்கள் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு மாதம் போன பிறகு பேச்சு மறுபடியும் வெளியே கேட்க ஆரம்பித்தது. ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். தினமும் தள்ளித் தள்ளி ஆட்டியதில் வேஸ்ட் எல்லாம் அடியில் போய் அமுங்கிக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே கல் மாதிரி இறுக்கம். வாய் இருக்கும் உயரத்தில் வெறும் காற்று.

அதற்கு வழி சொன்னது சென்னியப்பன்தான். வேஸ்ட்டைப் பனியன் துணிக்குள் பரப்பி, மெத்தை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி, ஒவ்வொரு சுவருக்கும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தான். அதை ஆணியில் தொங்கவிட்டேன். கதவு இடுக்கில் ஓசை கசியாமல் இருக்கக் கழுத்துக்குத் தைக்கும் ரிப் துணியைச் சுருட்டி ஒட்டினோம். காற்று வர அடியிலும் மேலேயும் வளைந்து வளைந்து போகிற மரக்குழாய் வைத்தேன். நேர் ஓட்டையாக இருந்தால் பேச்சும் அதன் வழியே வெளியே வந்துவிடும். குழாய் இருந்தும் உள்ளே புழுக்கம் தீரவில்லை. பேசிவிட்டு வருகிறவர் சட்டையைப் பிழியலாம். குளிச்சாச்சுங்களா என்று கேட்பார்கள். ஆள் இருப்பது வெளியே தெரியவேண்டும் என்று முகம் தெரிகிற உயரத்தில் கதவில் ஒரு கண்ணாடி பதித்தேன்.

அதற்குப் பிறகு ட்ரங்க் கால் வந்தால் யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது.

5

கோயம்புத்தூரில் பெரிய கட்டிடம் வைத்திருந்த ஒருவர் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருடைய கட்டிடத்தில் வக்கீல் ஆபீஸ், டாக்டர், கடைகள் என்று பலர் இருந்தார்கள். பிடித்திருந்தால் ஆறு பெட்டி வேண்டும் என்றார். எனக்கு அது சாதாரண விஷயமில்லை. அதுவரை நான் அடித்த பெட்டி எல்லாமே ஊர் போய்ச் சேர்ந்ததும் உடைத்து அடுப்பில் வைக்கிற பெட்டி. நின்று நிலைக்கிற பொருள் ஒன்றை நானே யோசித்துச் செய்தேன், அதை ஒருவர் தேடி வருகிறார். சோதித்துக் காட்ட எங்கள் கட்டிடத்திலேயே பெரிய குரல்காரன் உள்ளே நின்று கத்த வேண்டும். சென்னியப்பன் அன்று எனக்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

கோவைக்காரர் பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தரை இருக்கும். நான் பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரிப் துணியை ஒட்டிச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். அவிநாசியிலிருந்து ராமாத்தாள் அக்காவின் வீட்டுக்காரர்.

"சுப்புங்களா? அக்காளுக்கு முடியலீங்க தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துருக்கறோம். அவனயே கேட்டுட்டுக் கெடக்கறா. இருக்கற சோலியப் போட்டுட்டு உடனே வரச் சொல்லுங்க."

"இதா, இப்பவே அனுப்பறனுங்க மாமா" என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன். நான்காம் நம்பர் அறை வாசலில் கத்தரியோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்பது அறையிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்ததே யாருக்கும் தெரியாது. என்னைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கையால் கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள் எத்தனையோ. அக்காவுக்கு மூச்சிளைப்பு புதிதில்லை, ஒவ்வொரு தடவையும் தேறி வந்திருக்கிறது. அரை மணி நேரம்தான். கோவைக்காரர் வந்த காரிலேயே அவனை ஏற்றி அனுப்பிவிட்டால் பஸ்ஸைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்வான். எல்லாம் நியாயம் மாதிரியே இருந்தது. அந்த மனுஷர் பதினொன்றுக்கு வரவில்லை. பதினொன்றரைக்கு மேல் வந்தார். வந்தவர் நிதானமாகப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொல்லி, சென்னியப்பனை உள்ளே விட்டுக் கத்தச் சொல்லி, பலகையில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் அவன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கோவைக்காரர் ஆறு பெட்டிக்குச் சரி என்றார். டீ வந்தது.

சென்னியப்பன் தொப்பலாக நனைந்து வெளியே வந்து என் தோளில் கையைப் போட்டான். அப்போது மணி பன்னிரண்டரை. அப்போதுதான் சொன்னேன். அதுவும் எப்படிச் சொன்னேன் என்றால், இப்பத்தான் போன் வந்தது என்று சொன்னேன்.

கோவைக்காரர் உடனே தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அக்கா பன்னிரண்டு மணி தாண்டியதும் போய்விட்டிருந்தது. கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். பத்தரைக்கே சொன்னோமே, ஏன் இவ்வளவு நேரம் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்டிடமே மோட்டாரை நிறுத்தியிருக்கும். அந்த அமைதியில் நான் போனில் கத்திப் பேசியிருப்பேன். பத்து நிமிஷத்தில் ஒன்பது கம்பெனியும் சேர்ந்து அவனை அவிநாசிக்கு அனுப்பி வைத்திருக்கும். மறைக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. மறைக்கிற வசதியை நானே யோசித்து, அளவெடுத்து, மெத்தை தொங்கவிட்டுச் செய்து வைத்திருந்தேன்.

6

காரியத்துக்குப் போனேன். சென்னியப்பன் மொட்டைத் தலையோடு வந்து என் முன்னால் நின்றான்.

"வாங்க. உக்காருங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"உங்க மேல தப்பு ஒண்ணுமில்லீங்க. வேல மும்முரத்துல இருந்துருப்பீங்க."

அடித்திருக்கலாம். பத்துப் பேர் நடுவில் வைத்துக் காறித் துப்பியிருக்கலாம். 'டா' போட்டவன் 'வாங்க' என்றான். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபத்தைக் காட்ட இதைவிடப் பெரிய வழி தெரியாது. அந்த மரியாதை அதற்குப் பிறகு ஒரு நாளும் குறையவில்லை. எதிரில் பார்த்தால், நல்லாயிருக்கீங்களா. பலகை வேண்டுமென்றால், இருந்தா குடுங்க. பழையபடி என்னை ஒரு தடவை திட்டமாட்டானா என்று ஏங்கினேன்.

பெட்டிக்குள் அவன் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. ட்ரங்க் கால் வந்தால் கதவை அகலத் திறந்து, ரிசீவரை மட்டும் ஒயரோடு வெளியே இழுத்து, தாழ்வாரத்தில் நின்று பேசுவான். அவன் பேச நிற்பதைப் பார்த்ததும் ஒவ்வொரு அறையாக மோட்டார் நிற்கும். அவன் ரேட்டு மறுபடியும் ஊருக்கே கேட்டது. அடுத்த நாளே ஆர்டர் கை மாறியது. நாச்சிமுத்து ஐயா சொல்லிப் பார்த்தார். கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டுங்க, கேக்க வேண்டிய சேதி எதுவும் யாருக்கும் கேக்காமப் போக வேண்டாம் என்றானாம். ஐயா அதை என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டாம்.

கோவைக்கான ஆறு பெட்டியையும் செய்து கொடுத்தேன். ஒன்றையாவது மனசாரச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இரண்டு வருஷம் அந்தக் கட்டிடத்தில் ஓட்டினேன். இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். கிடைத்தது. முன்னேற வேண்டும் என்று வந்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், மரகதத்திடமும். உண்மை என்னவென்றால் அந்த 'வாங்க, உக்காருங்க'வைத் தாங்க முடியாமல்தான் ஓடி வந்தேன். ரயில் ஏற்றிவிட அவனும் வந்திருந்தான். நாலு வயசுக் கலாவுக்குக் குளிருக்கென்று கைவைத்த பனியன் நாலு தைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பத்திரமாப் போயிட்டு வாங்க என்றான். அதில் குறை சொல்ல ஒரு எழுத்துக்கூட இல்லை.

இங்கே வந்து கதவுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஃபோர்மேனுக்கு என் பெயர் சப்பு. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனையோ கதவு. அடுக்கி அனுப்பிவிடுவோம். எந்த வீட்டில் எந்தக் கதவை யார் யாருக்காகச் சாத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதுதான்.

7

செவ்வாய்க்கிழமை அந்தப் பழைய கட்டிடத்துக்கு லைன் கிடைத்தது. எடுத்தது சென்னியப்பன் இல்லை. குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் காதை அடைத்தது. பெட்டிக் கதவு திறந்தே இருந்திருக்க வேண்டும். அண்ணன் வெளியூர் போயிருக்காருங்க, வெள்ளிக்கிழமதான் வருவாருங்க என்றது அந்தக் குரல். ஊரில் எல்லாரும் நல்லா இருக்காங்களா, ஏதாவது விசேஷமா என்று கத்திக் கேட்டேன். என்னங்க, என்னங்க என்றார். லைன் அறுந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அலமாரிக் கதவைத் தட்டினேன். கலா போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கத்தினது என் தப்பு என்று சொன்னேன். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, தமிழிலும் என் ஓட்டை இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி, இங்கே நான் உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். பெட்டி, மெத்தை, கண்ணாடி, அக்கா, தலையாட்டல். இதுவரை மரகதத்திடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. கலா அந்த அலமாரிக்குள்ளேயே, கோட்டுகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்.

கேட்டு முடித்துவிட்டு நகத்தைக் கடித்தாள்.

"அப்பா, அவங்க மெத்தைன்னு சொன்னாங்க."

என்ன மெத்தை என்றேன்.

"எல்லா மெத்தையும் புதுசாத் தெச்சுப் போட்டிருக்கேன்னு அப்பாகிட்டச் சொல்லுன்னாங்க. எனக்குப் புரியல. ஏதோ விக்கறாங்கன்னு நெனச்சேன். அதான் உங்ககிட்டச் சொல்லல."

வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். கலா கண்ணை மூடி யோசித்தாள். அவருக்குப் பின்னால் சத்தமே இல்லை, ரொம்ப அமைதியாக இருந்தது என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாராம். ரொம்பப் புழுங்குது, சீக்கிரம் வெச்சுருவேன் என்றாராம். இந்தியாவில் எப்போதும் சூடுதானே, அதையெல்லாம் ஒரு சேதியாகச் சொல்வார்களா என்று நினைத்தாளாம்.

"அப்புறம், கதவச் சாத்திட்டுத்தான் பேசறேன், அதையும் சொல்லுன்னாங்க."

நான் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே அழுதேன். கலா நான் அழுது பார்த்ததில்லை. அலமாரியை விட்டு வெளியே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் என் பக்கத்தில் நின்றாள். அப்பாவை எழுப்பட்டுமா என்று தான் இரண்டு தடவை கேட்டதாகவும், அவர்தான் வேண்டாம் என்றதாகவும் மறுபடியும் சொன்னாள். அதை நான் நம்பவேண்டும் என்று, அவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"ராத்திரி வேல பாத்துட்டு வந்தவன எழுப்பாதீங்க கண்ணு. அவன் தூங்கட்டும்."